அந்தரங்கப் பொருட்களும் அவற்றில் இருக்கும் இரசாயனங்களும்: திருகோணமலை மருந்துக்கடை ஒன்றில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மருந்தாளராக வேலை செய்கிறேன். பகலில் வரும் கேள்விகள் இருமல், சீனி வருத்தம், பிள்ளையின் காய்ச்சல் பற்றியவை. இரவு எட்டரைக்குக் கடையின் பாதிக் கதவை இறக்கிய பிறகு வரும் கேள்விகள் வேறு. சில துண்டுக் காகிதத்தில் எழுதப்பட்டிருக்கும். சில "என் சிநேகிதர் ஒருவருக்காகக் கேட்கிறேன்" என்று தொடங்கும். ஆண்களில் பலர் நான் உள்ளே போகும்வரை காத்திருந்து உதவியாளப் பையனிடம் கேட்பார்கள். அவன் பெருங்குரலில் என்னைக் கூப்பிட்டு அதே கேள்வியை ஒப்புவிப்பான்.

இவற்றை எழுதி வைக்க ஒரு காரணம் உண்டு. மீன் சந்தையில் பாரை வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம், கண்ணைப் பார்க்கிறோம், மூக்கருகே பிடித்தும் பார்க்கிறோம். அதே ஆள் உடலின் மிக மெல்லிய தோலில் படப்போகும் பொருளைப் பெட்டியின் பின்பக்கம்கூடத் திருப்பாமல் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடுகிறார். வெட்கப்படுகிறவர் கேள்வி கேட்கமாட்டார், பில் கேட்கமாட்டார், பழுதானால் திருப்பிக் கொண்டுவரவும் மாட்டார். மோசமான சரக்கு விற்பவனுக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் கிடைக்கமாட்டார்.

எந்தெந்தப் பொருட்களைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

ஆணுறை, வழுக்கு ஜெல், தாமதப்படுத்தும் ஸ்பிரே, அந்தரங்கப் பகுதிக்கான கழுவு திரவமும் பவுடரும் கிரீமும், "சக்தி" தரும் தேன் வகைகள், பெரியவர்களுக்கான அதிர்வுக் கருவி போன்ற பாலியல் சாதனங்கள். கடைசியில் சொன்னதை நான் விற்பதில்லை. பார்சலில் வாங்கியவர்கள் சந்தேகம் கேட்க மட்டும் வருகிறார்கள்.

பெட்டியைத் திறந்ததும் பிளாஸ்டிக் மணம் தலையிடிக்கிற அளவுக்கு அடிக்கிறது. பாவிக்கலாமா?

வேண்டாம். மூக்கு சொல்வதைக் கேளுங்கள்.

புதிய குளியலறைத் திரைச்சீலையிலும் மலிவான ரப்பர் செருப்பிலும் அடிக்கும் அந்த மணம் பெரும்பாலும் பி.வி.சி. பிளாஸ்டிக்கிலிருந்து வருவது. பி.வி.சி. இயல்பில் தண்ணீர்க் குழாயைப் போல விறைப்பானது. அதைத் தோல்போல மென்மையாக்க எண்ணெய் போன்ற ஒரு திரவத்தைக் கலக்கிறார்கள். அந்த மென்மையாக்கிகளில் பழையவையும் மலிவானவையும் ஃதாலேட் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. இவை பிளாஸ்டிக்கோடு இரசாயன முறையில் பிணைவதில்லை, இடையில் தங்கியிருக்கின்றன. சூடு பட்டால், எண்ணெய் பட்டால், காலம் போனால் மெல்ல வெளியே கசியும்.

கசிவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் தினப்பத்திரிகையில் சுற்றிய பொதியொன்றை மேசையில் வைத்து, "அக்கா, இது ஏன் இப்படி ஆகிவிட்டது என்று மட்டும் சொல்லுங்கள்" என்றார். உள்ளே ரோஜா நிறத்தில், ஜெலி போன்ற சாதனம். அலுமாரியில் ஆறேழு மாதம் இருந்ததாம். சுற்றியிருந்த தாள் வடை சுற்றிய தாளைப் போல எண்ணெய் ஊறி, மறுபக்கம் தெரிகிற அளவுக்கு ஆகியிருந்தது. கையுறை போட்டுத் திருப்பிப் பார்த்தேன். ரோஜா நிறத்தின் மேல் பத்திரிகைத் தலைப்பு ஒன்று கண்ணாடியில் தெரிவதைப்போல இடம்வலமாகப் பதிந்திருந்தது. "மீனவர்" என்ற சொல்லை வலமிருந்து இடமாக என்னால் வாசிக்க முடிந்தது. அச்சு மையைக் கரைத்துத் தன்மேல் இழுத்துக்கொள்ளும் அளவுக்கு அந்தப் பொருளிலிருந்து திரவம் வெளியேறியிருக்கிறது. தாளுக்குள் ஊறிய அதே திரவம் உடலில் படும்போது அங்கும்தான் ஊறும்.

2006-ல் கிரீன்பீஸ் அமைப்பின் நெதர்லாந்துக் கிளை எட்டுச் சாதனங்களைப் பரிசோதிக்கக் கொடுத்தது. ஏழில் ஃதாலேட் இருந்தது. அளவு, எடையில் 24 முதல் 51 வீதம். நூறு கிராம் பொருளில் ஐம்பது கிராம் மென்மையாக்கி என்றால் அதைப் பிளாஸ்டிக் என்பதா, எண்ணெய் என்பதா என்றே எனக்குத் தெரியவில்லை.

ஃதாலேட் உடலுக்குள் போய் என்ன செய்கிறது?

எல்லா ஃதாலேட்டும் ஒன்றல்ல. அதிகம் பேசப்படுவது டி.ஈ.எச்.பி. இது ஆண் ஹோர்மோனின் வேலையைக் குழப்புவது விலங்கு ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் இதை இனப்பெருக்கத்துக்குக் கேடு செய்யும் பொருளாக வகைப்படுத்தியிருக்கிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் "புற்றுநோயை உண்டாக்கக்கூடும்" என்ற 2பி பிரிவில் வைத்திருக்கிறது. அதிகக் கவலை கர்ப்பத்திலிருக்கும் சிசுவைப் பற்றியது. ஆண் சிசுவின் உறுப்புகள் உருவாகும் காலம் ஹோர்மோன் குழப்பத்தைத் தாங்காது.

இதைக் கேட்டு யாரும் நடுங்கவும் வேண்டாம். டென்மார்க் அரசின் சுற்றாடல் முகவரகம் 2006-ல் இதே பொருட்களை ஆராய்ந்தபோது, வழமையான பாவனையில் பெரிய ஆபத்து தென்படவில்லை என்றும், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் விலகியிருப்பது நல்லது என்றும் சொன்னது. என் கணக்கு எளிமையானது. மாற்றுப் பொருள் கிடைக்கிறபோது இந்தச் சூதாட்டம் தேவையில்லை.

குழந்தைகளின் விளையாட்டுப் பொருளில் தடையாம், பெரியவர்களின் பொருளில் மட்டும் ஏன் விட்டார்கள்?

நியாயமான கேள்வி. ஐரோப்பாவில் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளில் டி.ஈ.எச்.பி. உள்ளிட்ட சில ஃதாலேட்டுகள் எடையில் 0.1 வீதத்தைத் தாண்டக்கூடாது என்ற விதி முதலில் வந்தது. அமெரிக்காவிலும் 2008-ல் அதே அளவுக்குச் சட்டம் வந்தது. பெரியவர்களின் பொருட்களைப் பற்றிப் பேச யாரும் முன்வரவில்லை. சட்டம் எழுதுகிறவருக்கும் வெட்கம் இருக்கும்தானே. 2020 ஜூலை 7-லிருந்து ஐரோப்பிய ஒன்றியம் நான்கு ஃதாலேட்டுகளுக்கான 0.1 வீத எல்லையைப் பெரும்பாலான நுகர்வுப் பொருட்களுக்கும் விரித்தது. 2021-ல் பாலியல் சாதனங்களுக்கென்றே ஐ.எஸ்.ஓ. 3533 என்ற சர்வதேசத் தரம் வெளியானது. கைக்குண்டுக்கும் கைத்தொலைபேசிக்கும் எப்போதோ தரம் எழுதிவிட்ட உலகம் இதற்கு 2021 வரை காத்திருந்தது.

பெட்டியில் "வேடிக்கைப் பாவனைக்கு மட்டும்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம்?

உற்பத்தியாளர் கைகழுவிவிட்டார் என்று அர்த்தம். இது உடலில் படுவதற்கான பொருளே இல்லை, அலங்காரத்துக்கு வைக்கும் பொம்மை என்று காகிதத்தில் சொல்லிவிட்டால், உடலில் பட்டு நடப்பவற்றுக்கு அவர் பொறுப்பில்லை. அந்த வரி இருந்தால் பெட்டியில் உள்ள வேறெந்த வாக்குறுதியையும் நம்பவேண்டாம். "மருத்துவத் தரம்" என்று பக்கத்திலேயே அச்சடித்திருந்தாலும்தான்.

அப்படியென்றால் எந்த மூலப்பொருளை நம்பலாம்?

முழுவதும் சிலிக்கோன், துருப்பிடிக்காத உருக்கு, வெப்பம் தாங்கும் போரோசிலிக்கேட் கண்ணாடி. இவற்றுக்கு மென்மையாக்கித் திரவம் தேவையில்லை, நுண்துளையும் இல்லை. சவர்க்காரமும் தண்ணீரும் போட்டுக் கழுவினால் சுத்தமாகும். மோட்டார் இல்லாத சிலிக்கோன் என்றால் சில நிமிடம் கொதிநீரில் போட்டும் எடுக்கலாம். நல்ல சிலிக்கோனுக்கு மணமே இருக்காது, ஒட்டாது, வியர்க்காது.

டி.பி.ஈ. என்ற மென்ரப்பர் நடுத்தரம். ஃதாலேட் இல்லாமலே மென்மையாக இருக்கும், ஆனால் நுண்துளைகள் நிறைய. எவ்வளவு கழுவினாலும் கிருமி உள்ளே தங்கும். வாங்கினால் ஆணுறை போட்டுப் பாவியுங்கள், சில மாதத்தில் மாற்றுங்கள், இன்னொருவரோடு பகிரவேண்டாம். "ஜெலி", "ரப்பர்", "நிஜத் தோல் போன்றது" என்று மட்டும் எழுதி மூலப்பொருளின் பெயரைச் சொல்லாதவற்றை நான் இரண்டாவது தடவை பார்க்கவே மாட்டேன்.

ஒரு விதிவிலக்கு: சிலிக்கோன் சாதனத்தோடு சிலிக்கோன் வகை ஜெல்லைச் சேர்க்காதீர்கள். மேற்பரப்பு உப்பிப் பிசுபிசுக்கும். நீர் வகை ஜெல் போதும்.

நெருப்புக்குச்சியைக் காட்டிப் பார்த்தால் சிலிக்கோனா என்று தெரியுமாமே?

செய்யாதீர்கள். கலப்பு சிலிக்கோனும் அந்தச் சோதனையில் தேறிவிடும். பி.வி.சி. என்றால் அமிலப் புகையை மூக்கில் இழுத்ததுதான் மிச்சம்.

தேங்காய் எண்ணெய் இயற்கையானது. அதைப் பாவித்தால் என்ன?

இந்தக் கேள்விதான் என்னிடம் அதிகம் வருவது. நம் வீடுகளில் தலைக்கும் தேங்காய் எண்ணெய், சமையலுக்கும் தேங்காய் எண்ணெய், காயத்துக்கும் தேங்காய் எண்ணெய். எண்ணெயைக் குறை சொன்னால் மாமியாரைக் குறை சொன்னதுபோலப் பார்க்கிறார்கள்.

எண்ணெய் தனியே இருக்கும்வரை பெரிய குற்றம் செய்யாது. சிலருக்கு யோனியின் இயல்பான கிருமிச் சமநிலை குழம்பித் தொற்று வரலாம், அவ்வளவுதான். ஆனால் லேட்டெக்ஸ் என்னும் ரப்பர் பாலில் செய்த ஆணுறையோடு எந்த எண்ணெயும் சேரக்கூடாது. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், வாசலீன், குழந்தைக்குப் பூசும் எண்ணெய், கைக்குப் பூசும் கிரீம் எல்லாம் இதில் அடங்கும். ரப்பர் பால் எண்ணெயில் ஊறி வலுவிழக்கும். கனிம எண்ணெய் பட்ட ஆணுறை அறுபது செக்கனில் தன் வலுவில் ஏறக்குறைய 90 வீதத்தை இழந்ததை 1980-களின் இறுதியில் நடந்த ஆய்வொன்று காட்டியது. ஆணுறை கிழிந்ததை அந்த நேரம் கவனிக்கமாட்டீர்கள், அடுத்த மாதம்தான் கவனிப்பீர்கள். "ஆணுறை போட்டும் கர்ப்பம் தங்கிவிட்டது, சரக்கு மோசம்" என்று கோபத்தோடு வந்தவர்களிடம் எண்ணெய் பற்றிக் கேட்டால் பாதிப்பேர் மௌனமாகிவிடுவார்கள்.

கடையில் விற்கும் வழுக்கு ஜெல் எல்லாம் பாதுகாப்பானதா? உறைப்பு, எரிவு வருகிறதே.

கருவாடு போடுவது எப்படி என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மீனில் உப்பை அப்பினால் உப்பு உள்ளிருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கும், சதை சுருங்கும். செறிவு கூடிய ஜெல்லும் இதைத்தான் செய்கிறது. கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கோல் ஆகியவற்றை அளவுக்கு மேல் போட்டால் ஜெல் வழவழப்பாகவும் இனிப்பாகவும் இருக்கும், ஆனால் மெல்லிய தோலின் உயிரணுக்களிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். அந்த அணுக்கள் சுருங்கி உதிர்கின்றன. எரிவு அதன் அறிகுறி. தோல் உதிர்ந்த இடம் தொற்றுக் கிருமிக்குத் திறந்த வாசல்.

இந்தச் செறிவை ஒஸ்மொலாலிட்டி என்ற அளவால் சொல்வார்கள். நம் உடல் திரவத்தில் அது கிலோவுக்குச் சுமார் 290 மில்லிஒஸ்மோல். உலகச் சுகாதார அமைப்பு 2012-ல் வெளியிட்ட அறிவுரைக் குறிப்பு, ஜெல் 380-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது, எப்படியும் 1200-ஐத் தாண்டக்கூடாது என்கிறது. கடைகளில் கிடைக்கும் சில ஜெல்கள், குறிப்பாகச் சூடேற்றும் வகைகள், இந்த எல்லையைப் பல மடங்கு தாண்டுபவை. அமிலத்தன்மையும் பொருந்தவேண்டும். யோனியின் இயல்பான பி.எச். 3.8 முதல் 4.5 வரை, ஜெல்லும் 4.5-க்கு அருகில் இருப்பது நல்லது. மலவாய்ப் பாவனைக்கு 5.5 முதல் 7 வரை.

பெட்டியில் இந்த எண்ணைப் போடும் நிறுவனங்கள் குறைவு. அதனால் உள்ளடக்கப் பட்டியலைப் பாருங்கள். அதிகமாக இருப்பது முதலில் எழுதப்படும். தண்ணீருக்கு அடுத்து உடனே கிளிசரினும் கிளைக்கோலும் வந்தால் மறுபடி தட்டில் வையுங்கள். வாசனை, சுவை, "குளிர்ச்சி", "சூடு" என்று விளம்பரப்படுத்துவதையும் விடுங்கள். மிளகாயின் காரத்தைத் தரும் கப்சைசினோ மென்தோலோ அதில் இருக்கலாம். கிருமிநாசினி குளோர்ஹெக்சிடீன் கலந்தவை நன்மை செய்யும் கிருமிகளையும் சேர்த்துக் கொன்றுவிடும். பொருள் பழுதாகாமல் இருக்கச் சேர்க்கும் பரபென் பற்றியும் கேட்கிறார்கள். அதில் ஐந்து வகையை ஐரோப்பா 2014-ல் அழகுசாதனங்களில் தடைசெய்தது. மெத்தில் பரபென் குறைந்த அளவில் இன்றும் அனுமதிக்கப்பட்டது, அதைக் கண்டு பயப்படுவதைவிடக் கிளிசரின் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று பார்ப்பது பயன்தரும்.

வாங்கிய பின்னரும் முன்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டுத் தடவி ஒரு நாள் பாருங்கள்.

ஆணுறையிலேயே புற்றுநோய் இரசாயனம் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

பாதி உண்மையோடு வந்த செய்தி. 2004-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் ஆய்வகம் 32 வகை ஆணுறைகளைப் பரிசோதித்து 29-ல் நைட்ரசோஅமைன் கண்டது. ரப்பர் பாலை இறுக்கச் சேர்க்கும் பொருட்களிலிருந்து உருவாகும் எச்சம் அது. விலங்குகளில் புற்றுநோய் உண்டாக்கும் குடும்பம் என்பதும் சரி. ஆனால் நைட்ரசோஅமைன் கருவாட்டிலும் புகையூட்டிய இறைச்சியிலும் சிகரெட் புகையிலும் உண்டு. உலகச் சுகாதார அமைப்பு உற்பத்தியாளர்களிடம் இந்த எச்சத்தை முடிந்தளவு குறைக்கச் சொல்கிறது. ஆணுறையைக் கைவிடச் சொல்லவில்லை. எச்.ஐ.வி., கொனோரியா, வேண்டாத கர்ப்பம் ஆகியவற்றோடு ஒப்பிட்டால் இந்தப் பக்கம் தராசில் அசைவே இருக்காது. அந்தச் செய்தியைப் பரப்பியவர் இதை எழுதவில்லை.

விந்தணுக்கொல்லி சேர்த்த ஆணுறை இரட்டைப் பாதுகாப்புத்தானே?

பெயர் அப்படித்தான் நினைக்கவைக்கும். அந்த மருந்து நொனொக்ஸினோல்-9, அடிப்படையில் ஒரு சலவைப் பொருள் இனம். விந்தணுவின் உறையைக் கரைப்பதுபோல நம் தோலையும் புண்ணாக்கும். ஆபிரிக்க நாடுகளிலும் தாய்லாந்திலும் நடந்து 2002-ல் வெளியான ஆய்வில், இதை அடிக்கடி பாவித்த பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் அபாயம் குறையவில்லை, கூடியது. சாதாரண ஆணுறையே போதும்.

பணப்பையிலும் முச்சக்கர வண்டியின் முன்தட்டிலும் வைக்கலாமா?

கச்சான் காற்று வீசும் மாதங்களில் இங்கே நிழலிலேயே 35 பாகை வரும். மூடிய வண்டிக்குள் எவ்வளவு என்று மூன்று மணிக்குக் கதவைத் திறந்தவருக்குத் தெரியும். ஆணுறையின் ஆயுளை உற்பத்தியாளர் கணக்கிடுவது 30 பாகையை வைத்து. வெப்பம், வெயில், பணப்பையின் உரசல் மூன்றும் ரப்பரின் எதிரிகள். அலுமாரிக்குள் வையுங்கள். திறக்குமுன் திகதியைப் பாருங்கள், உறையை விரலால் அழுத்தி உள்ளே காற்றுக் குமிழ் வழுக்குகிறதா என்று பாருங்கள். குமிழ் இல்லாவிட்டால் உறையில் துளை.

தெருவோரம் வெயிலில் தொங்கும் பெட்டியிலிருந்து வாங்கவேண்டாம். உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடமும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் ஆணுறை இலவசமாகவே கிடைக்கும். இலங்கைக் குடும்பத்திட்டச் சங்கம் 1973-ல் "பிரீத்தி" என்ற பெயரில் ஆணுறையைச் சாதாரணக் கடைகளில் விற்கத் தொடங்கியது. ஐம்பது வருடம் தாண்டியும் என் கடையில் அதைப் பழைய பேப்பரில் சுற்றித் தரச்சொல்கிறார்கள்.

பாவித்தபின் அரிப்பும் வீக்கமும் வருகிறது. ஜெல்லா, ஆணுறையா?

ஊதிய பலூன் உதட்டில் பட்டாலும் ரப்பர் கையுறை போட்டாலும் அரிக்கிறதா? அப்படியானால் லேட்டெக்ஸ் ஒவ்வாமை. பொலியூரித்தேன், பொலியைசொப்ரீன் ஆணுறைகள் உண்டு, கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தரலாம். மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ யோசிக்காமல் 1990-க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

தாமதப்படுத்தும் ஸ்பிரே?

உள்ளே இருப்பது லிடொகெயின் அல்லது பென்சொகெயின், பல் பிடுங்கும்போது மரக்கச்செய்யும் மருந்துகளின் இனம். அளவு மீறினால் இரத்தத்துக்குள் போகும். பென்சொகெயின் அரிதாக இரத்தம் ஒட்சிசன் சுமக்கும் ஆற்றலையே கெடுத்து உதட்டை நீலமாக்கும். துடைக்காமல் விட்டால் துணைக்கும் மரத்துப்போகும். அந்த இடத்தில் காயம் பட்டாலும் இருவருக்கும் தெரியாது. எத்தனை வீதம் மருந்து என்று எழுதாத போத்தலைத் தொடாதீர்கள்.

மூலிகைத் தேன் பக்கவிளைவு இல்லாததுதானே? "நூறு வீதம் இயற்கை" என்று போட்டிருக்கிறது.

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் வாசிப்பதாக இருந்தால் இதை வாசியுங்கள்.

வயது ஐம்பத்தெட்டு இருக்கும், இருதய நோய்க்காகக் கிளினிக் போகிறவர், நெஞ்சு இறுகும்போது நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரையை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பவர். தொலைபேசியில் விளம்பரம் பார்த்து ஒரு "அரச தேன்" பொதியை வரவழைத்துச் சாப்பிட்டிருக்கிறார். இரவில் நெஞ்சு இறுகியது. வழமைபோல் நாக்கின் கீழ் மாத்திரை வைத்தார். பத்து நிமிடத்தில் விழுந்துவிட்டார். மனைவி அம்புலன்ஸை அழைத்ததால் பிழைத்தார். மறுவாரம் அந்த அம்மா வெறும் பைக்கற்றைக் கொண்டுவந்து, "தேன்தானே அக்கா, தேன் ஒருவரை விழுத்துமா?" என்று கேட்டார்.

தேன் விழுத்தாது. பெட்டியில் எழுதாமல் தேனுக்குள் கலக்கும், ஆண்மைக்குறைவுக்குக் கொடுக்கும் மருந்துகளான சில்டெனஃபில், டடாலஃபில் விழுத்தும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022 ஜூலையில் இத்தகைய தேன் பொருட்களை விற்ற நான்கு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. "இயற்கை" என்று விற்றவற்றில் அவர்களின் ஆய்வகம் இந்த மருந்துகளையே கண்டது. இவை கெட்ட மருந்துகள் என்று சொல்லவில்லை. வைத்தியர் எழுதி, அளவு தெரிந்து எடுத்தால் பலருக்கு உதவுபவை. அவர் நாக்கின் கீழ் வைத்ததைப் போன்ற நைட்ரேற் இன மாத்திரையோடு சேரும்போதுதான் இரத்த அழுத்தம் கிணற்றுக்குள் கல் விழுந்ததுபோல இறங்கும். சில்டெனஃபில் எடுத்தவர் 24 மணி நேரத்துக்கும், டடாலஃபில் எடுத்தவர் 48 மணி நேரத்துக்கும் நைட்ரேற் தொடக்கூடாது. தேனுக்குள் எது, எத்தனை மில்லிகிராம் என்று தெரியாதவர் எந்த மணிக்கூட்டைப் பார்ப்பார்?

தின்று அரை மணியில் "வேலை செய்கிற" எந்த மூலிகையையும் சந்தேகப்படுங்கள். நெஞ்சுவலி என்று அம்புலன்ஸ் வந்தால், சாப்பிட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். அந்த இடத்தில் வெட்கம் உயிரைக் குடிக்கும்.

கழுவு திரவம், பவுடர், வெளுப்பாக்கும் கிரீம் பற்றி?

யோனி தன்னைத்தானே சுத்தப்படுத்திக்கொள்ளும். வெளிப்புறத்துக்கு வெறும் தண்ணீர் போதும். வாளித் தண்ணீரில் கிருமிநாசினித் திரவம் ஊற்றிக் கழுவுவது நம் ஊரில் பழகிப்போன தவறு. நிலம் துடைப்பதற்கானது நிலத்துக்கே. வியர்வைக்குப் போடும் டால்கம் பவுடரைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2024 ஜூலையில் "புற்றுநோயை உண்டாக்க வாய்ப்பு அதிகம்" என்ற 2ஏ பிரிவுக்கு உயர்த்தியது. இடுப்புக்குக் கீழே அதை விட்டுவிட்டுப் பருத்தி உள்ளாடை போடுங்கள்.

வெளுப்பாக்கும் கிரீம் இன்னும் மோசம். ஒரு கிழமையில் நிறம் மாற்றுபவற்றில் பாதரசமோ வீரியமான ஸ்டெரொயிட்டோ இருக்க வாய்ப்பு அதிகம். இலங்கையும் சேர்ந்திருக்கும் மினமாட்டா உடன்படிக்கை 2020-லிருந்து பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களைத் தடுக்கிறது. கிரீம் டப்பாவுக்கு அது தெரியாது.

எரிவோ புண்ணோ வந்தால் யாரிடம் போவது?

பொருளை நிறுத்துங்கள், வெறும் தண்ணீரால் கழுவுங்கள், பெட்டியையும் மிச்சத்தையும் எறியாமல் வையுங்கள். இரண்டு நாளில் தணியாவிட்டால், அல்லது காய்ச்சல், நாற்றமுள்ள வெள்ளைபடுதல், கொப்புளம், சிறுநீரில் வலி இருந்தால் வைத்தியரிடம் போங்கள். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் பாலியல் நோய்க் கிளினிக்கில் பணமும் வாங்கமாட்டார்கள், கதையும் வெளியே போகாது. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: வீட்டில் கிடக்கும் படைக் கிரீமைப் பூசிக்கொண்டு வராதீர்கள். பூசிய பிறகு பார்த்தால் என்ன நோய் என்று வைத்தியருக்கும் பிடிபடாது.

தொலைபேசியில் பார்த்து வாங்கிய பொருள் மோசம். முறையிட முடியுமா?

நானே ஏமாந்திருக்கிறேன். ஒருமுறை மொத்த விற்பனையாளர் ஒருவர் தந்த ஜெல்லை மலிவாக இருக்கிறதே என்று கடைக்கு எடுத்தேன். பெட்டியில் தொகுதி இலக்கம் ஒன்று, உள்ளே குழாயில் வேறொன்று. இறக்குமதியாளரின் பெயருக்கு மேல் ஸ்டிக்கர். மூன்று பேர் எரிவென்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்து பார்த்தேன். விற்றதை எல்லாம் திருப்பி வாங்கிப் பணம் கொடுத்தேன். அவர் எனக்குத் திருப்பித் தரவில்லை. பில் எழுதாமல் வாங்கியிருந்தேன், யாரைக் குறை சொல்வது?

2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடலாம். தொலைபேசி 1977. முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்கவேண்டும், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். பில் கேட்டால் கொடுப்பது வியாபாரியின் கடமை. ஆணுறை போன்ற மருத்துவச் சாதனமோ மருந்தோ என்றால் 2015-ல் உருவான தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கு உரியது. பொருளின் பெயரைப் பில்லில் "பரிசுப் பொருள்" என்று எழுதித் தருவார்கள், மறைவாக இருக்கட்டும் என்று நீங்களும் மகிழ்வீர்கள். முறையிடப் போனால் அந்தப் பில் ஒரு பரிசுப் பொருளுக்கு மட்டும்தான் சாட்சி சொல்லும்.

பழைய சாதனத்தை வளவில் போட்டு எரித்துவிடலாமா?

வேண்டாம். பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைட்டும் டையொக்சினும் வரும். அந்தப் புகையைச் சுவாசிப்பது உங்கள் பிள்ளையும் பக்கத்து வீட்டாரும். பற்றரியைக் கழற்றி வேறாக வைத்து, மிச்சத்தைத் தடித்த பையில் கட்டிக் குப்பை வண்டியில் போடுங்கள். ஆணுறையைக் கழிவறைக்குள்ளும் போடவேண்டாம். உப்புவெளிக் கரையில் ஒதுங்குபவற்றைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

இதையெல்லாம் கடையில் வாய்விட்டுக் கேட்க முடியவில்லையே?

எழுதித் தாருங்கள். "ஜெல், நீர் வகை, மணமில்லாதது" என்று நான்கு சொல் போதும். இரவு எட்டரைக்குப் பின் கூட்டம் இல்லை. பையனைத் தேநீர் வாங்க அனுப்பிவிடுவேன். பெட்டியைப் பின்பக்கம் மேலே வரும்படி மேசையில் வைப்பேன், கண்ணாடி கொண்டுவராதவருக்கு என்னுடையதைத் தருவேன். உள்ளடக்கப் பட்டியலை வாசித்து முடிக்கும்வரை பில் போடமாட்டேன். அவசரமாகப் போகவேண்டும் என்பவர்களிடமும் இதே நடைமுறைதான். சிலர் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மறுநாள் பகலில், கடையில் நான்கு பேர் நிற்கும்போதே வந்து, "நேற்றைய பெட்டியை எடுங்கள், வாசித்துவிட்டு வாங்குகிறேன்" என்றார்.